படுவான்கரையில் ஓரிரவுப் பாறையேற்றம்: இருவர் திடீரெனக் கிளம்புவதற்கான முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் வளர்ந்தவர்களுக்கு மலை என்பது தொலைவில் நீலமாகத் தெரிகிற ஒன்று. காலடியில் மணல், கண்முன்னே கடல். கருங்கல்லைத் தொட்டுப் பார்ப்பதெல்லாம் வீட்டுக்கு அத்திவாரம் போட லொறியில் வந்து இறங்கும்போதுதான். வாவியைக் கடந்து படுவான்கரை வயல்களுக்குள் ஒரு மணி நேரம் மோட்டார் சைக்கிளில் சென்றால் நிலைமை மாறிவிடுகிறது. வட்டைகள் எனப்படும் வயல்வெளிகளின் நடுவிலும் காட்டின் ஓரத்திலும் குப்புறப் படுத்திருக்கும் எருமைகளைப் போல வழுவழுப்பான கல்மலைகள் கிடக்கின்றன. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு நண்பர் அழைத்து, "மச்சான், பின்னேரம் வெளிக்கிடுவமா?" என்று கேட்டால், இரவு வயல்வாடியில் தங்கி, விடிந்ததும் இரண்டு மூன்று ஏற்றங்களை முடித்து, சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அவ்வாறு சென்றுவருவதற்கான முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன்னர் ஒரு நிபந்தனை உண்டு. கீழே நின்று கயிற்றைப் பிடிப்பதையும் எட்டு முடிச்சுப் போடுவதையும் நீங்கள் இருவருமே அனுபவமுள்ள ஒருவரின் கண்பார்வையில், கையால் செய்து பழகியிருக்க வேண்டும். அவற்றை வாசித்துக் கற்க முடியாது. உங்களில் ஒருவருக்கு அது தெரியாவிட்டால் கயிற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு, நடந்து ஏறக்கூடிய கல்லாகப் பார்த்துப் போங்கள். அதுவும் நல்ல பயணமே.

இருவருக்கும் தெரியும் என்றால், கிளம்பும் நேரம் மட்டுமே திடீரென்று முடிவாகலாம். எந்தக் கல், எந்த முறை, எந்த நேரம் ஆகிய மூன்றையும் முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருக்க வேண்டும். நானும் நண்பரும் மூன்று செயல்களைச் செய்வதில்லை என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொண்டோம். பகலில் ஒருமுறையேனும் சுற்றிப் பார்த்திராத கல்லில் கயிறு போடுவதில்லை. கயிற்றை மேலே கட்டாமல் கீழிருந்து முன்னேறி ஏறுவதில்லை. இருட்டிய பின் காட்டுவழியில் செல்வதில்லை. இவற்றில் ஒன்றை மீறும்படி பேச்சு வந்தால், யார் மறுத்தாலும் மற்றவர் காரணம் கேட்கக் கூடாது என்பதும் அந்த ஒப்பந்தத்தில் சேர்த்தி.

முதலாம் படி: கல்லைத் தெரிவு செய்தல்

கிழக்கிலங்கையின் நிலம் விஜயன் தொகுதி எனப்படும் மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. சுற்றிலும் இருந்த மென்மையான பகுதிகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கரைந்து போக, கடினமான பகுதிகள் மட்டும் எஞ்சி, வெங்காயத் தோல் உரிவதைப் போல மேலடுக்குகள் உரிந்து உரிந்து உருண்டை வடிவம் பெற்றுள்ளன. ஏறுபவருக்கு இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று, இக்கற்களில் பிடிப்பதற்கு விளிம்புகள் குறைவு. பாதத்தின் உராய்வை நம்பி ஏற வேண்டிய சரிவுகளே அதிகம். மற்றது நமக்குச் சாதகமானது: ஒரு பக்கம் செங்குத்தாக இருந்தாலும் பெரும்பாலும் மறுபக்கம் நடந்து ஏறக்கூடிய சாய்வாக இருக்கும். அந்தப் பின்பக்க வழியே உச்சிக்கு நடந்து சென்று, மேலே நங்கூரம், அதாவது கயிற்றைத் தாங்கும் பிடிமானம், கட்டி, கயிற்றைக் கீழே தொங்கவிட்டு ஏறுவதே இந்த வழிகாட்டி முழுவதும் பேசுகிற முறை. பின்பக்க வழி இல்லாத கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் இருவர் மட்டுமே செல்லும் பயணத்துக்கு அது உகந்ததன்று.

உயரம் 25 மீற்றருக்குள் இருக்கட்டும். 60 மீற்றர் கயிறு மேலே போய்த் திரும்பி வரும்போது 30 மீற்றர் உயரத்துக்கே போதும். அதிலும் முடிச்சுகளுக்கும் சாய்வுக்கும் கொஞ்சம் போய்விடும். ஏறுமுகம் மேற்கு அல்லது தென்மேற்கு நோக்கியிருந்தால் காலை ஒன்பது, ஒன்பதரை மணிவரை நிழல் கிடைக்கும். கிழக்கு நோக்கிய முகத்தில் எட்டு மணிக்கே கல் சுடத் தொடங்கும். உள்ளங்கை வியர்த்தால் உராய்வு போய்விடும்.

கல்லின் மேற்பரப்பைக் கையால் தட்டிப் பாருங்கள். திடமான கல் மந்தமான ஓசையும், அடியோடு ஒட்டாத பொருக்கு வெற்றுப் பானையைப் போன்ற ஓசையும் எழுப்பும். அத்தகைய பொருக்கு ஆளின் பாரத்தில் பெயர்ந்து கீழே நிற்பவரின் தலையில் விழும். மழைநீர் வடிந்த கருங்கோடுகளில் பாசி உறங்கிக் கிடக்கும். உலர்ந்திருக்கும்போது அவை தீங்கு செய்வதில்லை, ஈரம் பட்டால் எண்ணெய் பூசியதற்குச் சமம்.

அடுத்து நிமிர்ந்து பார்க்க வேண்டும். குடைவுகளின் கீழும் துருத்திய விளிம்புகளிலும் மலைத்தேனீ தனித்த பெரிய தேன்வதையாகக் கட்டும். தூரத்திலிருந்து பார்க்கும்போது கறுத்த சாக்கொன்றைத் தொங்கவிட்டதைப் போலவே இருக்கும். பத்து நிமிடம் பொறுமையாக நின்று பார்த்தால் அந்தச் சாக்கின் மேல் ஒரு மினுக்கம் அலையாக ஓடும். ஆயிரக்கணக்கான தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றை உயர்த்தித் தாழ்த்துவதால் உண்டாகும் அலை அது. அதைக் கண்டால் அன்றைக்கு அந்தக் கல் உங்களுக்கில்லை. தேனீ இல்லாமல் மெழுகுக் கறை மட்டும் இருந்தாலும், அவை பருவந்தோறும் பழைய இடத்துக்கே திரும்பும் பழக்கமுள்ளவை என்பதை நினைவில் வையுங்கள்.

இனி, எந்தக் கற்களை விட்டுவிட வேண்டும் என்பது. தாந்தாமலையும் சங்கமன்கண்டியும் உகந்தையும் கோயில் மலைகள்; அங்கே கும்பிடப் போக வேண்டும், கயிற்றோடு போகக் கூடாது. பொத்துவிலுக்குத் தெற்கே குடும்பிகல வனத்திலும், அம்பாறையில் இராஜகல, புத்தங்கல போன்ற இடங்களிலும் பழைய பௌத்த குகைகளும் பிராமிக் கல்வெட்டுகளும் உள்ளன. குகை வாயிலின் மேல் மழைநீர் உள்ளே வராதிருக்க வெட்டிய நீண்ட பள்ளத்தை எங்கே கண்டாலும், பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும், அது தொல்பொருள் இடம் என்றே கொள்ளுங்கள். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் அத்தகைய இடங்களைச் சேதப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. ஒதுக்கக் காடுகளுக்கு வன பரிபாலனத் திணைக்களத்திடமும், தேசியப் பூங்காக்களுக்கும் சரணாலயங்களுக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்திடமும் அனுமதி வேண்டும். ஒரே பின்னேரத்தில் அது கிடைக்காது என்பதால் அவை திடீர்ப் பயணத்துக்கு வெளியே நிற்கின்றன.

குடும்பிமலையைப் பற்றிக் கேட்பார்கள். கிரானிலிருந்து மேற்கே, புலிபாய்ந்தகல் வழியாகச் சென்றால் கட்டிய குடுமியைப் போல நிமிர்ந்து நிற்கும் அந்த மலையை வெள்ளைக்காரர் பிரபுவின் தொப்பி என்று அழைத்தார்கள், சிங்களத்தில் தொப்பிகல. அதன் உயரம் 500 மீற்றருக்கு மேல். நடந்து ஏறி உச்சியில் நின்று பார்ப்பதற்கு அது ஒரு முழுநாளுக்கு உரியது. இரண்டு பேர் ஒரு கயிற்றோடு செய்கிற வேலைக்கு அதன் சுவர்கள் உகந்தவையல்ல.

அப்படியானால் எஞ்சுவது எது? கரடியனாறு, புல்லுமலைப் பக்கமும் உன்னிச்சைப் பக்கமும் வெல்லாவெளிப் பக்கமும் தனியார் வயலை ஒட்டிக் கிடக்கும் பெயரறியாத சிறு கல்மலைகள். நிலத்துக்குரிய போடியாரிடமும் (நிலக்காரர்), அந்த வட்டையின் நீர்ப்பாசனத்தைப் பார்க்கும் வட்டவிதானையிடமும் ஒரு முறை நேரில் போய்ப் பேசுங்கள். நாங்கள் முதன்முறை கேட்டபோது ஒரு போடியார் வெற்றிலையை மடித்தபடி, "கல்லில ஏறி என்ன எடுக்கப் போறீங்க தம்பி?" என்றுதான் கேட்டார். புதையல் தோண்டுகிறவர்கள் என்ற ஐயம் இந்தப் பகுதியில் இயல்பானது. கயிற்றையும் தலைக்கவசத்தையும் விரித்துக் காட்டிய பிறகே அவர் சிரித்தார். அந்த முதற்பேச்சை ஓய்வான ஒரு நாளில் முடித்து வைத்தால், பின்னர் திடீர்ப் பயணத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பே போதுமானது. கல் அரச காணியில் இருக்கிறதா என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

போர் நடந்த மண் என்பதையும் மறக்கலாகாது. மட்டக்களப்பு மாவட்டம் 2017 ஆம் ஆண்டு கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் மாடுகள் நடக்கிற பாதையை விட்டு விலகாமல் நடப்பதும், மண்ணில் புதைந்த துருப்பிடித்த பொருள் எதையும் தொடாமல் 119 இலக்கத்துக்கு அறிவிப்பதும் நல்ல வழக்கங்கள்.

இரண்டாம் படி: காலத்தைப் பார்த்தல்

ஐப்பசி முதல் தை வரை இந்தப் பயணத்தை மறந்துவிடுங்கள். வாடைக்காற்றோடு வரும் மழையில் கல் காய்வதில்லை. கிரான் பாலத்தடி போன்ற தாழ்ந்த வீதிகள் வெள்ளத்துக்குள் போய்விடும். மாசி, பங்குனி மாதங்கள் மிகச் சிறந்தவை. சித்திரையில் பின்னேர இடிமழை உண்டு. உச்சியில் நிற்கும்போது முதல் முழக்கம் கேட்டாலே இறங்கிவிட வேண்டும். வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்து கச்சான் காற்று வறண்டு வீசும். கடலையையும் கச்சான் என்றே சொல்லும் நமக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். பகல் பதினொரு மணிக்கு அந்தக் காற்றில் ஒரு கல்லின் மேல் நின்றவருக்கு வறுபடுகிற கடலையின் நிலை நன்றாகவே விளங்கும். அந்த மாதங்களில் ஏற்றத்தை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பூரணையை ஒட்டிய இரவு கிடைத்தால் தங்குமிடத்தில் டோர்ச் வெளிச்சம் அதிகம் தேவைப்படாது.

மூன்றாம் படி: கட்டிவைத்த பை

எப்போதும் கட்டிய நிலையில் ஒரு பை வீட்டில் இருக்க வேண்டும். அழைப்பு வந்த பிறகு பொருள் தேடினால் ஏதாவது ஒன்று விடுபடும். விடுபடுவது பெரும்பாலும் முக்கியமானதாகவே இருக்கும்.

முதன்மையானது 60 மீற்றர் நீளமும் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள, விழுகையில் நீண்டுகொடுக்கும் ஏறுகயிறு. அதன் எடை ஏறத்தாழ 4 கிலோ. அதன் நுனியிலுள்ள பட்டியில் ஈஎன் 892 என்ற தர இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். வள்ளம் கட்டும் நைலோன் கயிறும், கடையில் கிலோக் கணக்கில் விற்கும் கயிறும் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் இதற்கு ஈடாகா. யார் பாவித்தது, எங்கே கிடந்தது என்று தெரியாத பழைய கயிற்றை, வெளிநாட்டு உறவினர் அன்போடு அனுப்பினாலும், ஏற்றத்துக்கு எடுக்காதீர்கள். இரண்டாவது, நங்கூரம் கட்டுவதற்கு 20 மீற்றர் நீளமுள்ள, நீளாத வகைக் கயிறு. இதற்கு 10 அல்லது 11 மில்லிமீற்றர் வேண்டும். இடுப்பு வாராகிய ஹார்னஸ் இரண்டு, பாறையேற்றத் தலைக்கவசம் இரண்டு, கரபினர்கள் எனப்படும் திருகுப் பூட்டுள்ள உலோகக் கொக்கி வளையங்கள் ஆறு, 120 சென்ரிமீற்றர் ஸ்லிங் எனப்படும் பட்டி வளையம் நான்கு, கயிறு பிடிக்கும் பிலே கருவி ஒன்று, விளிம்பில் போடுவதற்குத் தடித்த சணல் சாக்கு இரண்டு. மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் இதற்கு உதவாது. அது காதை அடைத்துவிடும், நண்பரின் குரல் கேட்காது.

கயிற்றைக் கொண்டுசெல்லும் முறையையும் கவனியுங்கள். நைலோனுக்குப் பெரிய எதிரி பற்றரி அமிலம். அதன் ஆவி பட்ட இடம் கண்ணுக்குத் தெரியாமலே இற்றுப்போகும். ஆகவே முச்சக்கரவண்டியில் பற்றரி இருக்கும் பெட்டியின் பக்கமோ, பெற்றோல் கலன் வைத்த இடத்திலோ கயிற்றுப் பையை வைக்க வேண்டாம். நுளம்புத் தைலமும் பைக்கு வெளியே தனியாக இருக்கட்டும்.

தண்ணீர் ஆளுக்கு 5 லீற்றர். கல்லின் மேலுள்ள சுனை நீரை நம்ப வேண்டாம். அது எருமைக்கும் குரங்குக்கும் உரியது. நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பொதி நான்கு, தலையில் மாட்டும் டோர்ச் ஆளுக்கொன்று, நுளம்பு வலை, காயக்கட்டுத் துணி, ஒவ்வாமை மாத்திரை, மின்னேற்றிய பவர் பாங்க், விசில் ஒன்று. உணவைப் பற்றி நீட்டத் தேவையில்லை: இரவுக்கு வீட்டில் கட்டிய புட்டும் சம்பலும், வழியில் வாங்கிய ஒரு முட்டி கட்டித்தயிரும், காலைக்கு வாழைப்பழமும் பனங்கட்டியும் வறுத்த கச்சானும். ஏறும் முன் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள்.

நான்காம் படி: புறப்படுதல்

அழைப்பு வந்ததும் மூன்று பேருக்குச் சொல்ல வேண்டும்: போடியாருக்கு, அந்த வட்டையில் இரவுக் காவல் இருப்பவருக்கு, வீட்டில் ஒருவருக்கு. வீட்டில் சொல்லும்போது கல் இருக்கும் இடத்தின் வரைபடப் புள்ளியைத் தொலைபேசியில் அனுப்பி, "நாளைக் காலை பதினொரு மணிக்குள் நான் எடுக்காவிட்டால் காவற்காரருக்கு அடியுங்கள், அவரும் எடுக்காவிட்டால் பொலிசுக்குச் சொல்லுங்கள்" என்று நேரத்தோடு சொல்லுங்கள். "நாளைக்கு வந்துவிடுவேன்" என்று பொதுவாகச் சொல்லிச் சென்றால், யாரும் இரவு எட்டு மணிவரை தேடத் தொடங்கமாட்டார்கள்.

நண்பர் அக்கரைப்பற்றிலிருந்து வருபவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டுக் கிளம்பினாலும் நாங்கள் ஐந்து மணிக்கு முன் வாடியை அடைந்துவிடுவோம். அந்த நேரத்தைத் தவறவிட்டால் அன்றைய பயணத்தை விட்டுவிடுவதே முறை. சூரியன் ஆறேகாலை ஒட்டி மறையும். ஐந்தரைக்குப் பிறகு காட்டோரப் பாதைகள் யானைக்கு உரியவை. வீதியில் யானையைக் கண்டால் தூரத்திலேயே நின்று, ஹோர்ன் அடிக்காமல், விளக்கைப் பாய்ச்சாமல், அது போகும்வரை காத்திருங்கள். ஈரம் காயாத இலத்தியும் புதிதாய் முறிந்த கிளையும் பாதையில் கிடந்தால், அது அருகிலேயே நிற்கிறது.

வெளிச்சம் இருக்கும்போதே கல்லின் அடிக்குச் சென்று, தேன்வதை புதிதாக வந்திருக்கிறதா என்று நிமிர்ந்து பார்த்து, பின்பக்க வழியையும் ஒரு முறை நடந்து பார்த்துத் திரும்புங்கள். காலையில் நங்கூரம் கட்டப்போகும் மரத்தை அப்போதே தெரிவு செய்துகொள்ளலாம்.

ஐந்தாம் படி: இரவு

கூடாரத்தைக் காட்டிலும் காவற்பரணோ வயல்வாடியோ நல்லது. யானைக்காக உயரத்தில் கட்டிய பரண் பாம்பிலிருந்தும் காக்கிறது. கட்டுவிரியன் இரவில் உலாவும். தரையில் படுத்துறங்குபவரைக் கடித்தால் பெரும்பாலும் வலியே இராது, விடியும்போது கண்ணிமை திறக்க முடியாமல் போன பிறகுதான் தெரியவரும். ஆகையால் தரையில் பாய் விரிப்பது கூடாது. வேறு வழியில்லாவிட்டால் வலையை நாற்புறமும் பாயின் அடியில் செருகிவிட்டுப் படுங்கள். காலையில் சப்பாத்தைத் தட்டாமல் காலை விடாதீர்கள். மாட்டுப்பட்டி இருந்த இடத்தில் படுத்தால் உண்ணி ஏறும்.

குளக்கட்டும் குளத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையும் யானையின் வழி, அங்கே தங்காதீர்கள். உப்பு, நெல், பழம் ஆகியவற்றின் மணம் அதை அழைக்கும் என்பதால் சாப்பாட்டை இருட்டுமுன் முடித்து, மிச்சத்தை மூடிக் கட்டுங்கள். தீ மூட்டினால் மண்ணில் மூட்டுங்கள். கல்லின் மேல் எரித்த தீயின் சூட்டில் மேலடுக்கு வெடித்துப் பொருக்காகப் பெயரும். அடுத்த முறை உங்கள் கை அதன் மேல்தான் விழும். மது வேண்டாம் என்பதை நீட்டி விளக்க வேண்டியதில்லை: காலையில் உங்கள் உயிர் நண்பரின் வலக்கையில் இருக்கப்போகிறது. ஒன்பது மணிக்குப் படுத்துவிடுங்கள். காவற்காரர் இரவில் யானைவெடி போட்டால் எழுந்து ஓடாமல் பரணிலேயே இருந்து அவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஆறாம் படி: நங்கூரம் கட்டுதல்

ஐந்தே முக்காலுக்கு வெளிச்சம் வரத் தொடங்கும். இருவரும் பின்பக்கமாக மேலே செல்லுங்கள். மரமே நமது நங்கூரம். பாலை, வீரை போன்ற உறுதியான உயிர்மரமாக, தொடையைக் காட்டிலும் பருத்ததாக, மண்ணில் ஆழமாக வேர்விட்டதாக இருக்க வேண்டும். கல்லின் வெடிப்பில் முளைத்த ஆலும் அரசும் பார்வைக்குப் பெரிதாயிருந்தாலும் மேலாக மட்டுமே பற்றியிருக்கும், அவற்றைத் தொடாதீர்கள். தகுந்த மரங்கள் இரண்டு கிடைக்காத கல்லை முன்பயணத்திலேயே கழித்திருக்க வேண்டும்.

விளிம்பை நெருங்குகிறவர் முதலில் தம்மை மரத்தோடு கட்டிக்கொள்ள வேண்டும். விபத்து என்றால் ஏறும்போது என்றே நினைக்கிறோம், ஆனால் கயிறு போடும் வேளையில் கட்டாமல் நிற்பதும் அதே அளவு ஆபத்தானது. இரண்டு மரங்களின் அடியிலும் தனித்தனியாக ஸ்லிங்கைச் சுற்றி, நீளாத கயிற்றால் அவற்றை விளிம்புக்குக் கொண்டுவந்து, ஒரே புள்ளியில் எட்டு முடிச்சால் சேர்த்துவிடுங்கள். ஒரு மரம் பெயர்ந்தாலும் மற்றது தாங்கும்படி அமைய வேண்டும். இரு மரங்களிலிருந்தும் வரும் கயிற்றின் இரண்டு கரங்களுக்கும் இடைப்பட்ட கோணம் 60 பாகைக்குள் இருந்தால் ஒவ்வொன்றும் பாரத்தின் ஏறத்தாழ 58 வீதத்தைத் தாங்கும். 120 பாகைக்கு விரிந்தால் ஒவ்வொன்றிலும் முழுப் பாரமும் விழும். சேர்ந்த புள்ளியில் திருகுப் பூட்டுள்ள கரபினர் இரண்டை வாய்கள் எதிரெதிராக இருக்கும்படி மாட்டி, ஏறுகயிற்றின் நடுப்பகுதியை அவற்றினூடாக விடுங்கள்.

இங்கே எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டில், சேர்ந்த புள்ளி விளிம்புக்கு ஒரு முழம் உள்ளேயே நின்றது. சாக்கை விளிம்பில் சும்மா விரித்து வைத்திருந்தேன். மூன்றாவது ஏற்றம் முடிந்து நண்பர் இறங்கியபோது கயிற்றை விரலால் நீவிக்கொண்டு வந்தவர் சட்டென நின்றார். மேலுறையில் அரையடி நீளத்துக்குப் பஞ்சு கிளம்பி, ஓரிடத்தில் உறை விலகி, உள்ளேயிருந்த வெள்ளை இழைகள் தெரிந்தன. மேலே போய்ப் பார்த்தால் சாக்கு காற்றில் நழுவி இரண்டடி தள்ளிக் கிடந்தது. கயிறு உராய்ந்த விளிம்பில் நீல நிறப் பொடி. நாங்கள் ஒன்றும் பேசவில்லை. அந்தக் கயிற்றை அங்கேயே வெட்டிக் கன்று கட்டுவதற்குக் கொடுத்துவிட்டோம். முழு நீளமாக விட்டிருந்தால் வேறு யாராவது அதில் ஏறியிருப்பார்கள். அன்றுமுதல் சேர்ந்த புள்ளி எப்போதும் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கும்படி அமைக்கிறேன். சாக்கு நங்கூரக் கயிற்றின் கீழே வரும், அதுவும் சிறு கயிற்றால் மரத்தோடு கட்டப்பட்டிருக்கும்.

கயிற்றின் இரு நுனிகளிலும் முடிச்சுப் போட்டு, "கயிறு!" என்று கூவிவிட்டுக் கீழே விடுங்கள். இரு நுனிகளும் தரையில் கிடப்பதைக் கண்ணால் கண்ட பிறகே இறங்கி வாருங்கள்.

ஏழாம் படி: சரிபார்ப்பும் சொற்களும்

ஏறுபவர் கயிற்று நுனியைத் தமது ஹார்னஸில் எட்டு முடிச்சால் கட்டி, முடிச்சின் வால் ஒரு சாண் நீளத்துக்குக் குறையாமல் விட வேண்டும். பின்னர் ஒருவர் மற்றவரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்து "சரி" என்பது போதாது. தினமும் செய்கிற வேலையில் கண் தான் எதிர்பார்ப்பதையே காணும். முடிச்சை விரலால் அழுத்துங்கள், இடுப்பு வாரின் கொக்கியை இழுத்துப் பாருங்கள், கரபினரின் பூட்டைத் திருகிப் பாருங்கள், பிலே கருவியில் கயிறு சரியான திசையில் போகிறதா என்று ஒரு முறை இழுத்து நிறுத்திப் பாருங்கள்.

சொற்களை முன்கூட்டியே முடிவு செய்வது தமிழில் ஏறுபவர்களுக்கு மிக அவசியம். ஆரம்பத்தில் நாங்கள் இயல்பாக "இறுக்கு" என்றும் "இறக்கு" என்றும் கூவினோம். முன்னது கயிற்றை இழுத்துப் பிடிக்கச் சொல்வது. பின்னது கீழே விடச் சொல்வது. ஒரே ஓர் உகரத்தின் வேறுபாடு, இருபது மீற்றர் உயரத்தில், கச்சான் காற்றில், கேட்பதே இல்லை. "விடு" என்பதும் ஆபத்தானது, எதை விடுவது? இப்போது எங்களிடம் நான்கே சொற்கள் உள்ளன: இழுத்துப் பிடிக்க "பிடி", சிறிது நெகிழ்க்க "தளர்", இறக்க "கீழே", எது விழுந்தாலும் "கல்". கேட்டவர் அதே சொல்லைத் திருப்பிக் கூவ வேண்டும். திருப்பிக் கூவாதவரை ஏறுபவர் கயிற்றில் பாரம் போடக் கூடாது.

எட்டாம் படி: ஏறுதல்

கீழே நிற்பவர் கல்லுக்கு நெருக்கமாக, ஆனால் ஏறுபவரின் நேர் கீழே இல்லாமல் சற்று ஒதுங்கி நிற்கட்டும். கயிற்றின் தடுப்புப் பக்கத்தை, அதாவது பிலே கருவியிலிருந்து ஏறுபவருக்குப் போகாத பக்கத்தை, பிடித்த கை எக்காரணத்துக்காகவும் அதை விட்டு எடுபடக் கூடாது. குளவி முகத்தில் உட்கார்ந்தாலும் மற்றக் கையாலேயே துரத்த வேண்டும். முதல் மூன்று நான்கு மீற்றரில் கயிற்றை மிக இறுக்கமாக வைத்திருங்கள். நீண்டுகொடுக்கும் கயிறு 40 மீற்றர் வெளியே இருக்கையில் ஒருவரின் பாரத்தில் மூன்று மீற்றர்வரை நீளக்கூடும். ஆகையால் தரைக்கு அருகில் வழுக்கியவர் கயிறு தாங்கும் முன்னரே நிலத்தைத் தொட்டுவிடலாம்.

சரிவில் ஏறுபவர் கல்லோடு ஒட்டிப் படுக்கவே விரும்புவார். பயம் அப்படிச் செய்யச் சொல்லும். படுத்தால் பாரம் பாதத்திலிருந்து விலகி, கால் வழுக்கும். இடுப்பைக் கல்லிலிருந்து விலக்கி, குதிகாலைத் தாழ்த்தி, சப்பாத்தின் முன்பகுதி முழுவதும் கல்லில் படியும்படி வைத்து, சிறு சிறு அடிகளாக ஏறுங்கள். ஏணிப்படியில் ஏறுவதைப் போல நீண்ட அடி வைத்தால் ஒவ்வொரு முறையும் சமநிலை குலையும். கைகள் சமநிலைக்கு மட்டுமே. உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்தினாலே போதும். நண்பர் வயல் வரம்பில் நடந்து பழகியவர். வழுக்கும் வரம்பில் எப்படி நடப்போமோ அப்படியே என்று அவருக்குச் சொன்னதும், அதுவரை மூன்று முறை வழுக்கிய இடத்தை ஒரே மூச்சில் கடந்துவிட்டார்.

உச்சியை அடைந்ததும் "பிடி" என்று கூவி, பதில் கேட்டு, கயிற்றில் மெதுவாகச் சாய்ந்து, "கீழே" என்று சொல்லி இறங்குங்கள். ஆளுக்கு இரண்டு ஏற்றம் ஒரு காலைக்குப் போதும்.

தவறு நேர்ந்தால்

தேனீ கிளம்பினால் கயிற்றிலிருப்பவரை உடனே, சீராக இறக்கிவிட்டு இருவரும் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு புதருக்குள் ஓடுங்கள். பொருட்களைப் பின்னர் எடுக்கலாம். பாம்பு கடித்தால் வெட்டவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். மோதிரத்தைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 1990 அம்புலன்ஸை அழையுங்கள். விஷக்கடி வைத்தியரிடம் போவதற்கு முன் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சிறிய வைத்தியசாலைகள் எல்லாவற்றிலும் விஷமுறிவு மருந்து இருக்கும் என்று சொல்ல முடியாதாகையால், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ அம்பாறைப் பொது வைத்தியசாலைக்கோ செல்வதே நல்லது. தலையிலோ முதுகிலோ அடிபட்டவரைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் இருத்தாதீர்கள். கல்லடியில் தொலைபேசி அலை இல்லாவிட்டால் எந்த மேட்டில் கிடைக்கும் என்பதை முதல்நாள் மாலையே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: திரும்புதல்

நங்கூரத்தை அவிழ்ப்பவரும் மரத்தோடு கட்டிக்கொண்டே அவிழ்க்க வேண்டும். மரத்தில் ஸ்லிங் அழுத்திய அடையாளத்தையும், கல்லின் அடியில் விழுந்த கடலைத் தோலையும் விட்டுவைக்காதீர்கள். காவற்காரருக்கு ஒரு பொதி தேயிலையும் சீனியும் கொடுப்பது எங்கள் வழக்கம். புல்லுமலைப் பக்கம் போனவர்கள் பதுளை வீதியில் இன்னும் சற்றுத் தூரம் சென்று மஹாஓயா வெந்நீர் ஊற்றில் கைகால் நனைத்துத் திரும்பலாம். ஆனால் வீட்டில் சொன்ன பதினொரு மணி அழைப்பை அதற்கு முன் கொடுத்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கயிற்றை முழு நீளத்துக்கும் விரல்களுக்கிடையே விட்டு நீவுங்கள். பஞ்சு, தட்டையான இடம், உள்ளே கட்டியாகத் தட்டுப்படும் இடம் எதுவானாலும் அடையாளமிடுங்கள். மண் பட்டிருந்தால் சவர்க்காரத் தூள் இல்லாமல் பச்சைத் தண்ணீரில் அலசி, வெயில் படாத நிழலில் காயப்போடுங்கள். காய்ந்ததும் மடித்து, டோர்ச்சின் மின்கலத்தை மாற்றி, தீர்ந்த ஜீவனிப் பொதிகளை நிரப்பி, அன்றைய தேதியையும் எத்தனை ஏற்றம் என்பதையும் பையினுள் இருக்கும் கொப்பியில் எழுதி, பையைக் கட்டிக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிடுங்கள்.